முந்நூறு பேர், அறுநூறு கைகள்

"எங்க டெப்போக் கூட்டத்துல மேடைக்குக் கீழ இருந்தது முந்நூறு பேரு, தம்பி. சங்கத் தலைவர் தேர்தல்ல காசிமாலிக்கு விழுந்தது அறுநூறு ஓட்டு. எதிர்த்து நின்னவரே ரெண்டு ஓட்டு போட்டாரு. அதுல ஒண்ணுகூடக் கள்ள ஓட்டு கிடையாது."

இதைச் சொல்லிவிட்டு, ஜபாரின் கிண்ணத்தில், விருந்தாளிக்கு எங்கள் ஊர் மரியாதைப்படி, பாதிக்கும் குறைவாகத் தேநீர் ஊற்றி நீட்டினாள் புருல்ச்சா. பஸ் கிளம்புகிற நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்கிறவள் அவள். "ஏழாம் நம்பர் கிளம்புது" என்று அவள் குரல் எழும்பினால் எதிர்மலையில் மேய்கிற குதிரைகள்கூட வரிசைகட்டி நிற்கும். பனி ரெண்டு முழம் சரியும் என்றும் சொல்வார்கள். நான் ஒரு முழம்தான் பார்த்திருக்கிறேன்.

ஜபார் கிண்ணத்தைத் தொடவில்லை. தொழிற்சங்கத் தேர்தல் தகராறுகளைத் தீர்த்துவைக்க மாகாணக் கூட்டமைப்பு அனுப்புகிற ஆள் அவர். நடக்கும்போது திரும்பிப் பார்த்து, பின்னால் வருவது தன் நிழல்தானா என்று சரிபார்த்துக்கொள்கிற ரகம். அவர் பார்க்காத தகராறு கிடையாது. ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதிரையில் பறந்தவனைப் பார்த்திருக்கிறார். தோற்றவர் ஆத்திரத்தில் ஜெயித்தவரின் கம்பளித் தொப்பியைக் கடித்துத் தின்றதைப் பார்த்திருக்கிறார். ஆனால் இந்த மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. தேர்தல் செல்லாது என்று புகார் கொடுத்திருப்பவர் ஜெயித்தவர். செல்லும் என்று ஒற்றைக்காலில் நிற்பவர் தோற்றவர்.

"ஏதோ உள்குத்து இருக்கு, எஜே," என்றார். மூத்த பெண்ணை அப்படித்தானே கூப்பிட வேண்டும். மூத்த ஆணென்றால் பைக்கே.

"இருக்கு தம்பி. குத்துதான் இருக்கு," என்றாள் புருல்ச்சா.

கதவு திறந்தது. தோற்ற துர்தகுன் உள்ளே வந்தார். டெப்போவிலேயே மூத்தவர், பழைய தலைவர். சாதாரண நாளில் அவர் உள்ளே வருவதற்கு முன்னால் அவர் தொந்தி வந்து எல்லாரையும் நலம் விசாரித்துவிட்டுப் போகும். அன்றைக்கு அந்தத் தொந்தியைக் காணோம். கோட்டு, ஆணியில் மாட்டியது போல் தொங்கியது.

"துர்தகுன் பைக்கே, உட்காருங்க. உங்க ஆளுங்க செல்லாதுங்கறாங்க. நீங்க செல்லும்கறீங்க. செல்லும்னா உங்க நாற்காலி போயிடும், தெரியுமில்ல?"

"போகட்டும்."

"நீங்க அவருக்கு ஓட்டுப் போட்டீங்களா?"

"இல்ல."

"கையைத் தூக்கினீங்களா?"

"தூக்கினேன். ரெண்டும். நான்தான் முதல்ல."

ஜபார் பேனாவை மூடினார். "பைக்கே, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"ஆபீசுலேருந்து வந்த ஆளாத் தெரியுது," என்றாள் புருல்ச்சா. "அவரை விடுங்க. அவரு வாயால வராது. நான் சொல்றேன்."

போன குளிர்காலத்தில் இளம் ஓட்டுநர்கள் சிலரை டெப்போ வீட்டுக்கு அனுப்பியது. அதில் காசிமாலியின் மகன் எலமானும் ஒருவன். மறுபடி இடம் காலியானால் இவர்களைத்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது. இடம் காலியானது. மேலாளர் தன் மச்சான்மாரையும் மச்சானின் மச்சான்மாரையும் கொண்டுவந்து வைத்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்து ஏறுவதா, கதவைப் பிடித்து ஏறுவதா என்று தெரியாத கூட்டம். தலைவர் துர்தகுன் வாயைத் திறக்கவில்லை. எலமான் மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். காசிமாலி தேர்தலில் நின்றார். மேடை ஏறி நல்லாட்சி, புதுப்பாதை என்றெல்லாம் அவர் பேசவில்லை. "பசங்களைத் திரும்பக் கூப்பிடணும், அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னார். வீட்டில் மகனிடம் போனில் சொன்னதும் அதேதான். நான் ஜெயிச்சதும் கூப்பிடறேன், அந்த நிமிஷமே டிக்கெட் எடு.

"கூட்டம் நடந்துகிட்டிருக்கு," என்றாள் புருல்ச்சா. "காசிமாலி மேடையில பேசிகிட்டிருக்காரு. எனக்கு மாஸ்கோவுலேருந்து போன். அந்தப் பையன்கூடத் தங்கியிருக்கிறவன். சாரம் சரிஞ்சு விழுந்துட்டான், எஜே, போயிட்டான், அப்பாகிட்ட நேராச் சொல்ல எங்களால ஆகாது, பெரியவங்ககிட்ட சொல்லுங்கன்னான்."

மலைப்பனியைச் சரிய வைக்கிற அவள் குரல், தேநீர்க் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது போல் இருந்தது.

அந்தச் செய்தியைத் தகப்பனிடம் போகிறபோக்கில் சொல்ல முடியாது. பெரியவர்கள் கூடி, அவனை நடுவில் உட்கார வைத்து, சுற்றி வளைத்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். அதனால் புருல்ச்சா முதல் வரிசைக்குப் போய், கூட்டத்திலேயே மூத்தவரின் காதில் சொன்னாள். அந்த மூத்தவர் துர்தகுன். அவள் குனிந்ததைப் பார்த்தே பின்வரிசைகளுக்கு விஷயம் போய்விட்டது. எங்கள் டெப்போவில் ஒரு செய்தி முன்பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுக்குப் போகிற வேகத்தில் எந்தப் பஸ்ஸும் போனதில்லை.

தெரியாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் காசிமாலி. இன்னொருவர் கூட்டத்தை நடத்திய கணக்காளர். அவர் காதருகே டயர் வெடித்தால் 'யாரது கூப்பிட்டது' என்று கேட்பவர். காசிமாலி பேசி முடித்ததும் அவர் எழுந்தார்.

"காசிமாலிக்கு ஆதரவானவங்க கையைத் தூக்குங்க."

"அவரு அதைச் சொன்னது என் காதுலயே விழல," என்றார் துர்தகுன், தரையைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு அந்தப் பையன்தான் கண்ணு முன்னாடி. என் வீட்டு வாசல்ல வந்து நின்னான், மாஸ்கோ போறதுக்கு முன்னாடி. பைக்கே, ஒரு வார்த்தை சொல்லுங்கன்னான். பாக்கலாம்னேன். என் கை தானா விரிஞ்சுது. போனவங்களுக்காக வேண்டிக்கிற துவாவுக்கு விரியற மாதிரி."

மூத்தவர் உள்ளங்கையை விரித்தால் அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எல்லார் கையும் விரியும். ஒரே நொடியில் முந்நூறு பேரின் அறுநூறு கைகளும் மேடையைப் பார்த்து எழுந்தன. கணக்காளர் எண்ணக்கூட இல்லை. ஏகமனதாக என்று குறித்துக்கொண்டார்.

ஜபார் எழுந்து ஜன்னலருகே போனார். வெளியே காசிமாலியின் ஆட்களும் துர்தகுனின் ஆட்களும், நடுவில் ஒரு பஸ்ஸை நிறுத்திவைத்து இரண்டு பக்கமும் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'கை கைதான், எந்தக் கைன்னு விதியில இருக்கா?' என்றது காசிமாலி பக்கம். 'துவாவை ஓட்டுன்னு எண்ணுவீங்களா, வெட்கமில்ல?' என்றது மறுபக்கம்.

"உருக்கமாத்தான் இருக்கு, எஜே. ஆனா நான் நம்பல. மேடையில நிக்கிறவருக்குத் தெரியாதா? பிறந்ததிலேருந்து பாக்கிற கை. ஓட்டுக்குத் தூக்கின கைக்கும் துவாவுக்கு விரிச்ச கைக்கும் வித்தியாசம் தெரியாம ஒருத்தர் இருப்பாரா? ஜெயிச்சாச்சு, இப்ப ஊர் பேசுதுன்னு புகார் கொடுத்திருக்காரு. அவரைக் கூப்பிடுங்க."

காசிமாலியைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே நின்றிருந்தார். நாற்பதாம் நாள் கழியாத துக்கத் தாடி. உள்ளே வந்து, துர்தகுன் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஜபார் மேசைக்குத் திரும்பி வந்து பேனாவைத் திறந்தார்.

"காசிமாலி பைக்கே, தேர்தல் செல்லாதுன்னு சொல்றது நீங்கதானே? காரணம்?"

"அந்தக் கைங்க என் பையனுக்காக ஏந்தினதுங்க. அதை எனக்குன்னு எழுதிட்டாங்க."

"செல்லும்னு விட்டா உங்க கோரிக்கை நடக்கும். மத்தப் பசங்க திரும்ப வருவாங்க."

"அதுக்கு மறுபடி தேர்தல் வைங்க. ஒத்தைக் கை தூக்கி, எண்ணி, நான் ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. இதுல ஒரு கையைக்கூட நான் எடுத்துக்கமாட்டேன். அவன் உயிர் போன அன்னிக்கு அவனுக்காக ஏந்தின கை இது மட்டும்தான். அங்க யாரு இருந்தா அவனுக்கு?"

"நீங்க மேடையில நின்னீங்க. ரெண்டு ரெண்டு கையாத் தெரிஞ்சிருக்குமே?"

காசிமாலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தெரிஞ்சிருக்கணும். ஆனா எனக்கு ஒத்தைக் கையாத்தான் தெரிஞ்சுது. துர்தகுன் பைக்கேகூடத் தூக்கியிருக்காரேன்னு பாத்தேன். அழறாரு. சரி, மனசு மாறிட்டாருன்னு நெனச்சேன். இத்தனை பேரான்னு எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அத்தனை பேரு முன்னாடியும் நான் சிரிச்சேன். யாரும் திருப்பிச் சிரிக்கல. அதையும் நான் பாக்கல. பாக்கெட்லேருந்து போனை எடுத்தேன்."

புருல்ச்சா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவனைக் கூப்பிட்டேன். எடுத்தாங்க. ஹலோ சொல்றதுக்குள்ள நான் சொல்லிட்டேன்: ஜெயிச்சாச்சுடா, டிக்கெட் எடு, உன் பஸ் இங்கதான் நிக்குதுன்னு. அந்தப் பக்கம் வேற யாரோ. பேசல. அழுதான். நான் நிமிர்ந்து பாத்தேன். அப்பத்தான் எல்லாரும் துவாவை முடிச்சு, கையை முகத்துல தடவிகிட்டிருந்தாங்க."

வெளியே சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர்கள், திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டு, பஸ்ஸைச் சுற்றி வந்து ஒரே பக்கமாக நின்றிருந்தார்கள்.

"அந்த ஒரு நிமிஷம் நான் தலைவரா இருந்தேன், தம்பி," என்றார் காசிமாலி. "அவனும் வந்துகிட்டிருந்தான். அது போதும். அந்தத் தேர்தலைக் கோடு போட்டு அடிச்சுடுங்க."

ஏதோ உருண்டு தரையில் விழுந்தது. ஜபாரின் பேனா. அது விழுந்த பிறகுதான் அவர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் மேசைக்கு மேலே, விரிந்து, உள்ளங்கை மேல்நோக்கி இருந்தன. எப்போது எழுந்தன என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே துர்தகுனின் கைகளும் விரிந்திருந்தன. காசிமாலியின் கைகளும்.

புருல்ச்சா மெல்லக் கேட்டாள்.

"இப்ப யாருக்குத் தம்பி ஓட்டுப் போட்டீங்க?"

ஜபார் கைகளை முகத்துக்குக் கொண்டுபோய், நெற்றியிலிருந்து தாடைவரை மெதுவாக இறக்கினார். இறக்கியபோது அவை நனைந்திருந்தன.

"யாருக்கும் இல்ல, எஜே," என்றார். "மறு தேர்தல்னு எழுதிடறேன். நீங்க சொன்னதை இப்ப நம்பறேன். அறுநூறுல ஒண்ணுகூடக் கள்ளக் கை இல்ல."