நாற்பத்தொன்பது கட்டை

கடைக்குள் காலை வைத்ததும் லோகேஸ்வரன் நேரே அந்தப் பெரிய பியானோவிடம் போய்விட்டான். மின்சாரப் பியானோ, எண்பத்தெட்டுக் கட்டை. அதன் கறுப்பு உடம்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். ஒற்றை விரலால் ஒரு கட்டையை அழுத்தினான். ஒலி கடையின் அந்தக் கோடிவரை போய், கிதார்கள் தொங்கிய சுவரில் பட்டுத் திரும்பியது.

"பாத்தியா? இதுதான் கீபோர்டு லா. ஹால்ல சாமி மேடைக்கு இந்தப் பக்கம் போட்டா எப்படி இருக்கும், சொல்லு."

"நல்லாத்தான் இருக்கும்," என்றாள் ரூபினி.

இருவருக்கும் கல்யாணம் நிச்சயமாகி, அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருந்தது. பாலத்துக்கு அக்கரையில், ஜுருவில் கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் லோகேஸ்வரனுக்குத் தாராளமான கை. உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று அவன் போனில் கேட்டபோது, வளையல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுடைய வாய் முந்திக்கொண்டு கீபோர்டு என்றது. அதைக் கேட்டு அவனைவிட அவன் அம்மா ஜெகதீஸ்வரிக்குத்தான் சந்தோஷம். பெண் பார்க்க வந்த அன்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கீபோர்டைக் கடன் வாங்கி வைத்து, ரூபினியை ஒரு பக்திப் பாட்டு வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தாள். அன்றிலிருந்து அந்த அம்மாளுக்கு வெள்ளிக்கிழமை தோறும் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் மருமகள் வாசிப்பைப் பற்றித்தான் பேச்சு.

ரூபினி கேட்டது வேறு கீபோர்டு. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில், இரும்பு அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே, பல வருஷமாக ஒரு மிடி கீபோர்டு வைத்திருந்தாள். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டையைத் தொட்டோம், எத்தனை அழுத்தமாகத் தொட்டோம் என்று லேப்டாப்புக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. ஒலியை எழுப்புவது லேப்டாப். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அவளைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்காது. அப்பா டிவி பார்ப்பார், அம்மா மீன் கழுவுவாள். அவர்களுக்கு இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து ரூபினி ஒரு கடலையே எழுப்பி அடக்குவாள். வீட்டுக்குக் கேட்டதெல்லாம் கட்டைகளின் டக் டக் மட்டும். ஏதோ ஆபீஸ் வேலை போல என்று நினைத்துக்கொண்டார்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அறிக்கைகளைத் தட்டச்சு செய்கிற பெண்தானே.

இப்போது அந்தக் கீபோர்டின் நடுக்கட்டைகள் செத்துவிட்டன. புதிது வாங்கியே ஆகவேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எங்கே உட்கார்ந்து வாசிப்பது, வாசிக்க விடுவார்களா என்பதெல்லாம் அதைவிடப் பெரிய கேள்வி. அந்தக் கேள்வியை அவள் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை. கீபோர்டை வாங்கிவிட்டால் கேள்வி பாதி தீர்ந்த மாதிரி என்று ஒரு கணக்கு.

"அந்த மூலையில இருக்கில்ல, அதப் பாக்கலாமா?" என்றாள்.

கடைக்காரப் பையன் ஹஸ்ருல் மூன்று மிடி கீபோர்டுகளை மேசையில் எடுத்து வைத்தான். இருபத்தைந்து கட்டை, நாற்பத்தொன்பது, அறுபத்தொன்று. மலாயில் அவன் பேசப் பேச ரூபினியும் மலாயில் ஏதேதோ கேட்டாள். லோகேஸ்வரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தன்னிடம் அதிகம் பேசாத இந்தப் பெண், முன்பின் தெரியாத ஒருவனிடம் இவ்வளவு பேசுகிறாளே என்று அவனுக்கு ஆச்சரியம்.

இருபத்தைந்து கட்டையுள்ளது கைப்பைக்குள் அடங்கும். ஆனால் கட்டைகள் பால்பல் போலக் குட்டி குட்டியாக இருந்தன. சுருதியை வளைக்கும் சக்கரமும் இல்லை, அதற்குப் பதில் ஒரு ரப்பர்ப் பட்டை. ரூபினி அதில் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு அவள் படி ஏறிப் போவதில்லை, வழுக்கிக்கொண்டு போவாள். அதற்குச் சக்கரம் வேண்டும். அறுபத்தொன்றில் எல்லாம் இருந்தது. அவள் இரண்டு கைகளையும் விரித்து அதன் நீளத்தை அளந்தாள். ஜுரு வீட்டில் அவர்களுக்கென்று ஒதுக்கிய அறையை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். கட்டில், பெரிய அலமாரி, கண்ணாடி வைத்த ஒரு மேசை. அந்த மேசையில் அறுபத்தொன்று நிற்காது. பவுடர் டப்பாவையும் சீப்பையும் ஒதுக்கினால் நாற்பத்தொன்பது நிற்கும்.

"இதுல சத்தம் எங்கருந்து வரும்?" என்று கேட்டான் லோகேஸ்வரன், அந்த நாற்பத்தொன்பதைத் தட்டிப் பார்த்துவிட்டு.

"இதுல வராதுங்க. லேப்டாப்ல மாட்டணும்."

"சத்தமே வராத கீபோர்டா? அதுக்கு ஏன் நூத்துக்கணக்குல வெள்ளி குடுக்கணும்? எங்க கடை மேசை சும்மாத்தான் கெடக்கு, வந்து தட்டு."

ஹஸ்ருலுக்குத் தமிழ் புரியவில்லை என்றாலும் சிரித்தான். ரூபினியும் சிரித்தாள். பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து, கீபோர்டை அதில் மாட்டி, ஹெட்போனைக் காதில் வைத்தாள். எந்தப் பாட்டைத் திறப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். பாதியில் நிற்கிற பாட்டைத்தான் திறந்தாள். தகரக் கூரையில் பெய்கிற மழையையும், அடுக்குமாடி லிப்ட் மூச்சு விடுகிற ஓசையையும் போனில் பதிந்து, இழுத்து நீட்டி, அடியில் பரப்பியிருந்தாள். அதன் மேல் ஒரு குழல் மாதிரியான குரல் வரவேண்டும்.

கட்டைகள் விரலுக்கு இதமாக அமுங்கின. மெதுவாகத் தொட்டால் மெதுவாக, அழுத்தினால் அழுத்தமாக. இடது கையால் சக்கரத்தைத் தள்ளினாள். சுரம் தன் இடத்தை விட்டு எழுந்து, நடுங்கி, அடுத்த சுரத்தின் வாசல் வரை போய், உள்ளே நுழையாமல் நின்றது. எத்தனை நேரம் வாசித்தாள் என்று அவளுக்குத் தெரியாது. தலை நிமிர்ந்தபோது லோகேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டிய வீட்டைச் சன்னல் வழியாகப் பார்க்கிறவனின் முகம் அது.

"எனக்குக் கேக்கக் குடு."

"இன்னும் முடிக்கலங்க."

"பரவால்ல, குடு."

கொடுத்தாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து கேட்டான். பாட்டு ஓடுகிற கோட்டைத் திரையில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மழை, லிப்ட், இப்போது குழல் வந்திருக்கும், இப்போது நடுங்கும். இதுவரை யாரும் கேட்டிராத பாட்டு. அவன் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டால் போதும், ஜுரு வீட்டில் அந்த மேசை தன்னுடையதாகிவிடும் என்று தோன்றியது அவளுக்கு.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"கொஞ்சம் வெளிய வா."

வெளியே மழை பிடித்திருந்தது. கடைக்கு முன்னால் கூரையிட்ட ஐந்தடி நடைபாதையில் நின்றார்கள். அவர்களை உரசிக்கொண்டு குடையோடு ஒரு சீனக் கிழவர் போனார். அவர் கடந்து போனதும் லோகேஸ்வரன் கேட்டான்.

"யாரு அவன்?"

"யாருங்க?"

"கோவிக்க மாட்டேன். சும்மா சொல்லு. யாருக்காக அந்தப் பாட்டு?"

"யாருக்காகவும் இல்லங்க. அப்படித்தான் வரும். எல்லாப் பாட்டும் அப்படித்தான்."

"எல்லாமே அப்படியா?" அவன் குரல் இறங்கியது. "ரூபினி, அதக் கேட்டு எனக்கே நெஞ்சு அடைச்சுப் போச்சு. கல்யாணத்துக்கு நாள் குறிச்ச பொண்ணு அப்படி வாசிக்குமா? சும்மா வருமா அது?"

சும்மாதான் வந்தது. ரூபினிக்கு வாழ்க்கையில் எதுவும் நடந்துவிடவில்லை. யாரும் அவளை ஏமாற்றவில்லை, யாரும் விட்டுப் போகவில்லை. வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கையில், கடல் வற்றிய சேற்றில் கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்பதைப் பார்ப்பாள். லிப்டில் தெரியாத மனிதர்களோடு சேர்ந்து மேலே போவாள். அப்போதெல்லாம் நெஞ்சில் ஒன்று கனக்கும். சின்ன வயதிலிருந்தே அதுவும் அவளோடு வீட்டில் வளர்ந்தது. அதற்குப் பெயர் இல்லை, காரணமும் இல்லை. இதை எப்படிச் சொல்வது?

சொல்லிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லங்க. ஆனா உள்ள அப்படி ஒண்ணு இருக்கு. வாசிச்சா நல்லா இருக்கும்."

"அப்ப என்னைய புடிக்கலியா?"

"அய்யோ, அது இல்லங்க."

"என்னையும் புடிச்சிருக்கு, வேற ஆளும் இல்ல, கஷ்டமும் இல்ல. ஆனா பாட்டு மட்டும் எழவு வீடு மாதிரி. அப்ப இது சீக்குதான் லா. டாக்டர்ட்ட போவமா? அம்மா கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அவன் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே பயந்துபோயிருந்தான். போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தான், யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல். மேசை கைநழுவிப் போவது ரூபினிக்குத் தெரிந்தது. மேசையோடு சேர்த்து இன்னும் என்னென்னவோ.

"ஒருத்தர் இருந்தாரு," என்றாள்.

லோகேஸ்வரன் மூச்சை விட்டான். வலித்திருக்கும். ஆனாலும் அவன் தோள்கள் தளர்ந்ததை அவள் பார்த்தாள். சேற்றுக்குள் கால் புதைந்தவனுக்குத் தரை தட்டுப்பட்டது போல.

"பேரு?"

"நிருபன்." எங்கிருந்து வந்தது அந்தப் பெயர் என்று அவளுக்கே தெரியாது.

"இந்தப் பேரு... யாழ்ப்பாணத்து ஆளா?"

"ஆமா."

"அதான பாத்தேன்." அவனுக்கு மீதி எல்லாம் விளங்கிவிட்டது. "அவங்க வீட்டுல ஒத்துக்கல. பொண்ணோட அப்பா தோட்டத்துலருந்து வந்தவரு, பொண்ணுக்கு ஃபேக்டரி வேலைன்னு சொல்லியிருப்பாங்க. அவங்களுக்கு டாக்டர் வக்கீல் வீட்டுப் பொண்ணுல்ல வேணும். அவனும் அம்மா பேச்சக் கேட்டுட்டுப் போயிட்டான். கரெக்டா?"

ரூபினி தலையை ஆட்டினாள். அவளுக்காக அவன் கோபப்படுவதைப் பார்க்க அழுகை வந்தது. கண் கலங்கியதை அவன் வேறு கணக்கில் எழுதிக்கொண்டான்.

"சரி, சரி மா. விடு. முந்தி நடந்தது. எனக்கும் பட்டர்வர்த்ல ஒண்ணு இருந்துச்சு. நான் என்ன பாட்டா போட்டேன், குடிச்சேன்." கொஞ்சம் சிரித்தான். "அந்தக் கீபோர்டு உனக்கு வேணுமா?"

"வேணுங்க."

உள்ளே போய் அவனே பணம் கட்டினான். ஹஸ்ருல் நாற்பத்தொன்பதைப் பெட்டியில் போட்டு, மழைக்காகக் கறுப்புப் பிளாஸ்டிக் சுற்றிக் கொடுத்தான். லோகேஸ்வரன் பெரிய பியானோவைத் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

ஜெகதீஸ்வரி அம்மாள் தேநீருக்கு அழைத்திருந்ததால் நேரே ஜுருவுக்கு அவன் காரில் கிளம்பினார்கள். பெட்டி பின்சீட்டில் நுழையவில்லை. ரூபினி அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். ஒரு முனை அவன் கியர் போடும்போதெல்லாம் அவன் முழங்கையில் இடித்தது. காடி பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் வெளுத்துக் கிடந்தது, மழையில் அக்கரை தெரியவில்லை. லோகேஸ்வரன் ரேடியோவை அணைத்தான். துக்க வீட்டுக்காரர்களோடு போகிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு.

"எப்படி இருப்பான்?"

"ஒல்லியா. கண்ணாடி போட்டிருப்பாரு."

"இப்ப எங்க? ஆஸ்திரேலியாவா?"

"மெல்பர்ன்."

"எல்லாரும் அங்கதான் போறானுங்க."

சொல்லச் சொல்ல நிருபன் அவளுக்கும் தெரிய ஆரம்பித்தான். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தான். பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம். குளிர்காலத்து ஊரில் ஒரு டிராம் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, இவளை நினைக்காமல், வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தான். இனிமேல் அந்த மேசைக்கு முன்னால் அவள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டும் ஒவ்வொரு முறையும், கட்டிலில் படுத்திருக்கிற லோகேஸ்வரனின் கண்ணுக்கு அவள் பக்கத்தில் அந்த ஒல்லி ஆள் உட்கார்ந்திருப்பது தெரியும். நிருபன் அவனாக எழுந்து போகமாட்டான். அவனை அனுப்பிவிட்டால் பாட்டையும் அனுப்ப வேண்டியிருக்கும்.

"நான் ஒண்ணு சொல்றேன், கேக்குறியா?" லோகேஸ்வரன் சாலையைப் பார்த்தபடியே பேசினான். "நீ வாசி. நான் தடுக்கல. அம்மாட்ட நான் பேசிக்குறேன். இருக்கிறத எல்லாம் வாசிச்சுத் தீத்துரு. தீந்ததும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. இத வித்துட்டு அந்தப் பெருச வாங்கி ஹால்ல போட்டுருவோம். எல்லாரும் கேக்கட்டும்."

"சரிங்க."

"எவ்ளோ நாளாகும்னு நெனைக்கிற?"

நல்லவன்தான் அவன். கேட்ட விதத்தில் குத்தல் இல்லை. கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் சாமான் எப்போது வேண்டும் என்று கேட்கிற அக்கறைதான் இருந்தது. ஒரு மனிதனை மறக்க எவ்வளவு காலம் ஆகும் என்று ரூபினி யோசித்தாள். சுமாரான ஆள் என்றால் சீக்கிரம் முடிந்துவிடும். காரின் முன்கண்ணாடியில் வைப்பர் போய் வந்தது, போய் வந்தது. பிளாஸ்டிக் உறைக்கு மேலேயே அவள் விரல்கள் பெட்டியைப் பற்றிக்கொண்டன.

"தெரியலங்க," என்றாள். "அவரு ரொம்ப நல்லவரு."

லோகேஸ்வரன் மெல்லத் தலையை ஆட்டினான். பாலத்தின் மேட்டைத் தாண்டிக் காடி அக்கரைக்கு இறங்கத் தொடங்கியது.