இலைக்குள் கிடந்த கார்டு

சாம்பார் அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத்தான் முத்தாத்தாள் அன்றைய வேலையைத் தொடங்கினாள். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. முந்தின நாள் பருப்பு அண்டாவின் அடியில் தீய்ந்து இறுகிக் கிடந்தது. தேங்காய் நாரில் செங்கல் பொடியைத் தொட்டுத் தேய்க்கத் தேய்க்க, புளித்த வாடையும் கரி வாடையும் அவள் முகத்திலேயே வந்து மோதின. போர்வெல் தண்ணீர் வேறு உப்பு. விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போய், சோப்புத்தூள் பட்டதும் சுரீரென்று எரிந்தது. எரிந்தால் என்ன செய்வது? கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் அண்டாவுக்குள் இறங்க வேண்டியதுதான். விடிவதற்குள் அடுப்பேறாவிட்டால் முதல் பந்திக்குச் சாம்பார் இருக்காது.

கோயமுத்தூரில் அவினாசி ரோட்டின் மேலேயே இருந்தது அந்த ஓட்டல். அங்கே பாத்திரம் கழுவுவது அவள் வேலை. புருஷன் ஆறுச்சாமி ஒரு பவுண்டரியில் இருந்தவன். உருகிய இரும்பு காலில் கொட்டியதிலிருந்து கட்டிலோடு கிடக்கிறான். ஓட்டலில் மிஞ்சும் சோற்றைத் தூக்குப்போசியில் வாங்கிப் போனால்தான் ராத்திரி இரண்டு பேருக்கும் சாப்பாடு. சம்பளம் வாடகைக்கும் மருந்துக்கும் போய்விடும். இந்த வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் யோசித்ததில்லை. யோசிக்கப் பயம்.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி கோபிசெட்டிபாளையத்துக்காரர். ஊரில் நெல்லும் வாழையுமாக நல்ல பூமி. யாரையும் அவர் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. எச்சில் பாத்திரம் கழுவுகிறவளுக்கும் அவர் வாயில் 'ங்க' உண்டு. குறைப்பதற்குத்தான் சம்பளம் இருக்கிறதே, வார்த்தையை எதற்குக் குறைக்க வேண்டும்?

"சம்பளத்தைப் பாக்காதீங்க. தட்டுல உளுகறது பூராவும் உங்களுக்குத்தானுங்க" என்று சொல்லித்தான் ஆள் சேர்ப்பார். பில்லும் சோம்பும் வைத்துக் கொண்டுபோகும் தட்டை அவர் சொன்னார். சாப்பிட்டவர்கள் அதில் விட்டுப்போகும் சில்லறையை அந்த ஓட்டல் சர்வர்கள் தங்கள் பையில் போட்டுக்கொள்வதில்லை. சமையல்கட்டு அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. எல்லாம் அதற்குள் விழும். சனிக்கிழமை பங்கு. பரிமாறியவனுக்கு உண்டு, மேசை துடைத்தவனுக்கு உண்டு, வந்தவர் கண்ணில் ஒருநாளும் படாத முத்தாத்தாளுக்கும் உண்டு. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவன் மூத்த சர்வர் இன்னாசிமுத்து. முதல் தடவை பங்கை நீட்டியபோது அவள் வாங்கக் கூச்சப்பட்டாள்.

"நீங்க கழுவாட்டி நான் எதுலக்கா பரிமாறுவேன்? என்ற கையிலயா?" என்றான் அவன்.

அந்தப் பாட்டிலுக்குத்தான் தொண்ணூற்றாறாம் வருஷம் ஆபத்து வந்தது. பழைய குடோனை இடித்து ஏ.சி. ஹால் கட்டிய முதலாளி, கல்லாவில் கார்டு மெஷின் ஒன்றையும் வைத்தார். கார்டை அதில் படுக்கவைத்து, மேலே தாளைப் போட்டு, கைப்பிடியைக் கரக் கரக்கென்று இழுத்தால் கார்டில் புடைத்திருக்கும் எழுத்தெல்லாம் தாளில் பதியும். பெரிய மனிதர்கள் ஒரு கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஏப்பத்தோடு எழுந்து போனார்கள். டிப்ஸையும் அந்தத் தாளிலேயே எழுதினார்கள். அந்தப் பணம் பாட்டிலுக்கு வரவில்லை. முதலாளியின் பேங்குக் கணக்குக்குப் போனது.

இன்னாசிமுத்து போய்க் கேட்டான். மெஷினை இழுக்கத் தெரிந்தவன் முதலாளிக்கு அடுத்து அவன் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில் கேட்டான்.

"பேங்குக்காரன் நூத்துக்கு மூணு புடிச்சுக்கறானுங்க இன்னாசி. அதை நான் எங்கிருந்து குடுக்கறது? டிப்ஸ்ல கழிச்சுக்கலாமுங்க" என்றார் முதலாளி.

கழித்தார். போதவில்லை என்று பாட்டிலிலும் கை வைத்தார். அதுவும் போதாமல் மேசை துடைக்கிறவர்களை நிறுத்தினார். இட்லி விலையையும் ஏற்றினார். கார்டைக் கண்ணால் பார்த்திராத பஸ் கண்டக்டரும் லோடுமேனும் யாரோ நீட்டிய கார்டுக்குக் கமிஷன் கட்டினார்கள். கட்டிய பிறகு தட்டில் விட்டுப்போக அவர்களிடம் என்ன மிஞ்சும்? போன சனிக்கிழமை முத்தாத்தாளின் பங்கு ஒரு டீக்குத்தான் கண்டது.

"எல்லாருமாச் சேந்து கேட்டா என்னுங்க மாஸ்டர்?" என்று இன்னாசிமுத்து அன்றைக்குக் கேட்டான்.

சமையல் மாஸ்டர் ராசப்பன் கரண்டியை நிறுத்தாமலே சிரித்தார். ஒரு பஞ்சாலையில் சங்கத்துக்குக் கொடி பிடித்தவர் அவர். மில்லே மூடிய பிறகு கரண்டி பிடிக்க வந்தவர். "சேந்து கேட்டமே தம்பி. மில்லு கேட்டுல பூட்டுத்தான் தொங்குச்சு. இன்னமும் தொங்குது. போய் சாம்பாரை ஊத்து போ."

இன்னாசிமுத்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.

இதெல்லாம் பழைய கதை. அண்டா தேய்த்த அன்றைக்கு மத்தியானம் நடந்ததுதான் கதை.

சாப்பாட்டு நேரம். ஏ.சி. ஹாலில் பம்புசெட் கம்பெனி முதலாளி ஒருவர் சாப்பிட்டுவிட்டு, கார்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் இருந்தவரோடு பேச்சு சுவாரசியத்தில் இலையை மடித்து, அந்தக் கார்டின் மேலேயே போட்டுவிட்டுக் கை கழுவப் போனார். மேசை துடைக்க ஆளில்லை. அடுத்த ஆள் இலைக்கு நின்றுகொண்டிருந்தார். இன்னாசிமுத்துவே இலையை ஒரே வாரலாக வாரி வாளியில் போட்டான். வாளி பின்கட்டுக்கு வந்தது. முத்தாத்தாள் அதை எச்சில் இலைப் பீப்பாயில் கவிழ்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் இன்னாசிமுத்து ஓடி வந்தான்.

"அக்கா, கார்டு! இலையோட வந்துருச்சாட்ட இருக்குது!"

முத்தாத்தாள் பீப்பாய்க்குள் இறங்கினாள். காலையில் அண்டா, இப்போது பீப்பாய். ரசமும் மோரும் மென்று துப்பிய முருங்கைச் சக்கையும் முழங்கைக்கு மேலே வழிந்தன. இலை இலையாகப் பிரித்தாள். கடைசியில் தோசைத்துண்டு அகலத்தில் வழவழப்பாக ஒன்று கையில் தட்டியது. "கெடச்சுருச்சு!" என்று கத்தினாள். அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

இன்னாசிமுத்து அதற்குள் முன்கட்டுக்குக் கூப்பிடப்பட்டுப் போயிருந்தான். கார்டின் மேல் சாம்பார் அப்பியிருந்தது. எச்சில் இலைக்குள் கிடந்ததை அப்படியே பெரிய மனிதர் கையில் கொடுப்பதா? ஹால் திறந்த அன்றே முதலாளி சொல்லியிருந்தார், ஏ.சி. ஹாலுக்குப் போகும் சாமான் பூராவும் கொதிதண்ணீரில் முக்கித்தான் போக வேண்டுமென்று. டம்ளர் முக்கும் குண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கார்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, இடுக்கியில் பிடித்து, அதில் முக்கினாள்.

அது எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளம்போல நெளிந்து சுருண்டது.

அவள் பதறி எடுத்துத் தட்டையாக அமுக்கிப் பார்த்தாள். ஆறினதும் அமுக்கிய கோணலிலேயே விறைத்து நின்றது. புடைத்திருந்த எழுத்துகள் மழுங்கிப் போயிருந்தன. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் ஏதோ போய்விட்டது என்று தெரிந்தது.

கல்லாவுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். ஈரச் சேலையோடு, கையில் எச்சில் வாடையோடு, கண்ணாடிபோல மின்னும் தரையில் அவள் நின்றாள். முதலாளி கார்டை மெஷினில் வைத்துப் பார்த்தார். அது படுக்கவில்லை.

"ஏனம்மணி, இது என்ன சாமான்னு தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"தெரியாத சாமானை எதுக்குங்க சுடுதண்ணில போட்டீங்க?"

"எச்ச இலைக்குள்ள கெடந்துச்சுங்க. ஏ.சி.க்குப் போறது பூராவும் கொதிதண்ணில முக்கோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

பம்புசெட்காரர் சிரித்துவிட்டார். "உடுங்க, பேங்குல கேட்டா வேற குடுப்பாங்க. எனக்கு நேரமாச்சு" என்று சட்டைப் பையிலிருந்து ரொக்கமாகவே எடுத்துக் கொடுத்தார். போகிறபோது சோம்புத் தட்டில் ஒரு முழு நோட்டையும் வைத்து, "அந்தம்மாளுக்குக் குடுத்துருங்க. கையை உட்டுத் தேடிருக்கு பாவம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவ்வளவுதான். அவருக்கு அது அங்கேயே முடிந்துபோனது.

கார் நகர்ந்தது. முதலாளி தட்டிலிருந்த நோட்டை எடுத்தார். மடித்தார். கல்லாவில் போட்டார். முத்தாத்தாள் பார்த்தாள். இன்னாசிமுத்து பார்த்தான். சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்ற ராசப்பனும் பார்த்தார்.

"நாளையிலிருந்து வர வேண்டாமுங்க" என்றார் முதலாளி, கோபமே இல்லாமல்.

முத்தாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்கூட்டுக்காரரு படுத்த படுக்கையாக் கெடக்கறாருங்க. இங்கிருந்து சோறு போனாத்தானுங்க..."

"எனக்கும் குடும்பமிருக்குதுங்க அம்மணி. இன்னைக்கு ஒருத்தரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. நாளைக்கு ஏ.சி.க்கு ஒரு பார்ட்டி வரோணுமல்லங்க?"

"இலையை வாரிப் போட்டது நானுங்க" என்றான் இன்னாசிமுத்து.

"உங்களை யாருங்க கேட்டா? நீங்க போய் மெஷினைத் தொடச்சு வைங்க." அவள் பக்கம் திரும்பி, மறந்துவிட்டதைச் சொல்வதுபோல, "இருக்கற பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டுப் போங்க" என்றார்.

அவள் கழுவப் போனாள். வேறென்ன செய்வாள்? டம்ளரைக் கழுவினாள், தட்டைக் கழுவினாள். கண்ணீர் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து ஓடியது. ஆறுச்சாமியிடம் எந்த வாயால் சொல்வது என்று நினைத்தபோதுதான் விசும்பல் வெளியே கேட்டது.

மூன்று மணிக்குக் கூட்டம் அடங்கியது. வேலையாட்கள் சாப்பிடும் நேரம். கிரைண்டர் பக்கத்தில் நின்றபடி ஆளுக்கொரு தட்டில் வாங்கிச் சாப்பிடுவார்கள். அன்று யாரும் தட்டெடுக்கவில்லை. ராசப்பன் கைகழுவும் தொட்டியோரம் நின்று முத்தாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் அடுப்பை அணைத்தார். பால் அடுப்பையும் அணைத்தார். இத்தனை வருஷத்தில் பகல் வேளையில் அந்தச் சமையல்கட்டில் அடுப்புச் சத்தம் நின்றதில்லை. காதே அடைத்துப்போன மாதிரி இருந்தது.

"தம்பி, அந்தப் பாட்டிலை எடு" என்றார்.

"மாஸ்டர், நீங்கதானே சொன்னீங்க, பூட்டுத்தான் தொங்கும்னு..."

"இப்பவும் தொங்கும். ஜெயிப்பம்னு நான் சொல்லல. தட்டுல வெச்ச காசை அவ மூஞ்சிக்கு முன்னால எடுத்துப்போட்டாரு பாரு, அதைப் பாத்துப்போட்டு இனிச் சோறாக்க முடியாது என்னால. எடு."

எல்லாருமாக முன்கட்டுக்குப் போனார்கள். இன்னாசிமுத்து பாட்டிலைக் கல்லா மேசையில் கவிழ்த்தான். சில்லறை உருண்டது. குறைந்ததற்கு ஆளாளுக்குச் சட்டைப் பையைத் தடவினார்கள். மாவாட்டுகிற சுப்பாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"ஏ.சி. ஹால்ல சாப்பாடுங்க. எங்க எல்லாருக்கும்" என்றான் இன்னாசிமுத்து.

முதலாளி நிமிர்ந்தார். "ஏனுங்க, கெறக்கமா? உங்களுக்குச் சாப்பாடு பொறத்தாலயல்லங்க?"

"அது வேலையாளுக்குங்க. நாங்க இப்பக் காசு குடுக்கற பார்ட்டிங்க. கார்டு இல்லீங்க, ரொக்கம். இதுக்குப் பேங்குக்காரன் கமிஷன் புடிக்கமாட்டானுங்க."

"என்ன வேணுமுங்க உங்களுக்கு?"

"அக்கா நாளைக்கும் வேலைக்கு வரோணுமுங்க. பாட்டில்ல கை வெக்கப்படாது. தாள்ல எழுதற டிப்ஸும் எங்களுக்கு வந்தரோணும். அதுவரைக்கும் யாரும் கரண்டி தொடமாட்டமுங்க. நான் மெஷினும் இழுக்கமாட்டனுங்க."

முதலாளி சிரிக்கத்தான் செய்தார். "காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல போய் நின்னா நாளைக்கு நூறு பேரு வருவானுங்க."

"வருவானுங்க" என்றார் ராசப்பன். "அவனுக்கும் தட்டுல உளுகறதைச் சொல்லித்தானுங்க சேப்பீங்க."

அவர்கள் ஏ.சி. ஹாலுக்குள் நடந்தார்கள். முத்தாத்தாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "எனக்கு வேண்டாங்கண்ணு. எனக்காவ உங்க பொழப்பையும் கெடுத்துக்காதீங்க. நான் போயர்றேன்" என்று அழுதாள். சுப்பாத்தாள் அவள் ஈரக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

மெத்தென்ற நாற்காலி. குளிர் காற்று பட்டு நனைந்த சேலை உடம்போடு ஒட்டியது. அவளுக்கு நடுக்கம் எடுத்தது. இன்னாசிமுத்து ஆளுக்கொரு இலை போட்டுவிட்டு, தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பதினோரு வருஷமாக எடுத்துக்கொட்டிய இலை இப்போது விரித்தபடி அவள் முன்னால் கிடந்தது. சாப்பிடும் பக்கத்திலிருந்து பார்த்தால் இலை இவ்வளவு பச்சையாக இருக்கும் என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலாளி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். ஆள் வரும். போலீசும் வரலாம். ராத்திரி ஆறுச்சாமிக்குச் சோறு கிடையாது. அதெல்லாம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது என்பது அவர்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. ஆனாலும் ஒருவரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

"ஏனுங்க!" என்று இன்னாசிமுத்து கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "இலை போட்டாச்சுங்க. பரிமாற ஆளில்லீங்களா?"

முத்தாத்தாள் அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்தாள். வெடித்த விரல்களால் டம்ளர்த் தண்ணீரை அள்ளி இலையில் தெளித்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வழித்துத் துடைத்தாள். பிறகு மற்றவர்களைப்போல அவளும் காத்திருந்தாள்.