அளவுக்கு நின்றவள்

சர்வேயர் குமரேசன் ஓய்வு பெற்ற மறுநாளே கேமரா வாங்கினார். அதற்கப்புறம் அவர் எடுத்த அண்ணாமலைப் படங்களைத் தரையில் விரித்தால் கிரிவலப் பாதை முழுக்க மூடிவிட்டு, மிச்சத்தில் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பந்தல் போடலாம். குரங்குகள்கூட அவரைக் கண்டால் ‘சட்டுன்னு எடுத்துட்டுப் போய்யா’ என்கிற முகத்தோடு ஒதுங்கி நிற்கும்.

ஆரம்பத்தில் எல்லாம் கோணல்மாணல். மலை நட்டநடுவில் குந்தியிருக்கும், கீழே பாதிப் படத்துக்கு வெற்று ரோடு, ஓரத்தில் அரை ஆட்டோ. போனில் ஒரு வகுப்பில் சேர்ந்தார். படத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் மூன்றாகப் பிரி, முக்கியமானதை நடுவில் வைக்காதே, கோட்டின் மேல் வை என்றார் வாத்தியார். கோடு போடுவது குமரேசனுக்குப் பிறவித் தொழில். மலையை அன்றைக்கே ஓரத்துக்குத் தள்ளினார்.

மனைவி அருணாதேவிக்குப் பொறுக்கவில்லை. “இன்னாங்க இது, சாமியைப் போய் ஓரமாத் தள்ளுறீங்க? அது உங்களை எங்க தள்ளப்போவுதோ.”

ஓரத்தில் இருந்தால்தான் கண் தேடிப் போகும் என்று அவர் விளக்கினார். அவள் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவருக்கும் சேர்த்து.

அடுத்த பாடம், முன்னால் ஏதாவது ஒரு பொருள் வேண்டும். ஒரு பாறை, ஒரு குட்டை. அதற்காக அடி அண்ணாமலை வயலில் அவர் குப்புறப் படுத்த கோலத்தைப் பார்த்து ஊரே மாலை வாங்கக் கிளம்பிவிட்டது. அதற்கடுத்து, தண்ணீர்க் கோடு சாயக்கூடாது. ஒரு நூல் சாய்ந்தாலும் ஏரி மொத்தமும் வேலூருக்கு ஓடிவிடும் என்று பயந்தவர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார்.

கடைசிப் பாடம்தான் அவரைப் பிடித்து ஆட்டியது. மலை எவ்வளவு பெரிது என்று தெரிய, அதன் முன்னால் சின்னதாக ஓர் ஆள் நிற்க வேண்டும். முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முகம் தெரிந்தால் பார்க்கிறவன் கண் அங்கேயே தங்கிவிடும்.

காலமெல்லாம் வயல்களில் ஆட்களைக் கம்போடு நிறுத்தி அளந்தவர் அவர். இப்போது மனைவியை நட்டார். பச்சைக்கு எடுப்பாக மஞ்சள் புடவை வேறு.

“இன்னும் தூரப் போ அருணா.”

“இதுக்கு மேல போனா பஸ்தான் ஏறணும். திரும்பட்டுமாங்க?”

“திரும்பாத. மூஞ்சி வந்தா மலை செத்துடும்.”

சிரிப்பில் அவள் தோள் குலுங்கும். குலுங்கினால் படம் கலங்கும். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து இன்னொன்று எடுப்பார்.

ஐப்பசியில் ஒரு காலை, தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன்பே போய்விட்டாள்.

பிள்ளை இல்லாத வீடு. அவள் தம்பி அப்பாசாமிதான் எல்லாம் பார்த்தான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் மாட்ட வேண்டும், அக்கா போட்டோ ஒன்று கொடுங்கள் மாமா என்று கேட்டான். ஒன்று என்னடா, ஆயிரம் தருகிறேன் என்று குமரேசன் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

மஞ்சளாக ஒரு முதுகு. இன்னொரு முதுகு. மழையில், வெயிலில், பௌர்ணமியில் முதுகு. கல்யாண ஆல்பத்தில் இருந்தது யாரோ ஒரு சின்னப் பெண். அவள் கையில் இருந்தது பட்டன் போன். சொந்தக்காரர் விசேஷங்களில் போட்டோ எடுக்கும்போதெல்லாம் அவள் பந்தியில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அப்பாசாமி வெகுநேரம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். “இத்தனை படத்துல அக்காவை வச்சிருக்கீங்க மாமா. ஒண்ணுலகூட அவ இல்லியே.”

ஒன்று இருந்தது. ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி, காற்றில் முடி பறக்கச் சிரித்தாள். தலை நடுவில், மலை சாய்ந்து, எல்லாம் தப்பு. நின்ற இடத்திலேயே அழித்துவிட்டார். கேமராவின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ பிரசாத்திடம் ஓடினார். பிரசாத் ஒரு பகல் முழுக்கத் தோண்டிப் பார்த்தான். அழித்த இடத்தில் அப்புறம் எடுத்த மேகங்கள் பதிந்துவிட்டன என்றான். நல்ல மேகங்கள் சார் என்றும் சொன்னான், பாவம், ஆறுதலுக்கு.

கடைசியில் ஆதார் அட்டைதான். அதிலிருந்ததைப் பெரிதாக்கி, மங்கலைத் துடைத்து, சட்டம் போட்டுக் கொடுத்தான்.

பதினாறாம் நாள் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து விளக்கேற்றினார்கள். குமரேசன் எதிரே உட்கார்ந்தார். தலை நட்டநடுவில். பின்னால் வெறும் சுவர். முன்னால் ஒன்றுமில்லை. அவளுடைய முகம் படம் முழுக்க நிறைந்திருந்தது. வலது புருவத்தில் அம்மைத் தழும்பு இருந்ததை அவர் மறந்தே போயிருந்தார்.

ஆனால் கண் அவரைப் பார்க்கவில்லை. கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்புறமாகப் பார்த்தது. அங்கேதான் அந்த ஆதார் ஆபரேட்டர் நின்றிருக்க வேண்டும். ‘இங்க பாருங்கம்மா’ என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான், பார்த்திருக்கிறாள்.

குமரேசன் எழுந்தார். இடப்புறம் நகர்ந்தார். போதவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அப்பாசாமி ஓடிவந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான். “மாமா, இறங்குங்க. இன்னா வேணும் உங்களுக்கு?”

“இவ பாக்குற எடத்துல நிக்கணும்டா,” என்றார் அவர்.