ஏட்டையா போட்ட ஃபாலின்

இங்கிலீஷ் பெரிய பாஷை என்று யாராவது என் கடைக்கு வந்து சொன்னால் அவருக்கு எண்ணெய் விற்க மாட்டேன். அடுத்த கடைக்குப் போகச் சொல்லிவிடுவேன். எனக்குத் தெரிந்து அதில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. பாத்திரக்கடைக்காரன் ஒரே அண்டாவை எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் அனுப்பிவைப்பதுபோல, அந்த ஒரு சொல்லையே மழைக்கும் விலைக்கும் சண்டைக்கும் அருவிக்கும் போலீஸ் பரேடுக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லால் என் அக்காள் மகளின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. எனக்கு ஏன் கோபம் வராது?

என் பெயர் குற்றாலிங்கம். குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற வழியில் நல்லெண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. அக்காள் முப்பிடாதியம்மாள் வாழ்க்கைப்பட்டது தென்காசியில். அவளைக் கட்டியவர் ஆவுடைநாயகம் அத்தான், போலீசில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர். போலீஸ் அவரை விட்டுவிட்டது, அவர்தான் போலீசை விடவில்லை. சாப்பிட உட்காருவதற்குக்கூட வீட்டில் விசில் ஊதுவார். தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தென்காசி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அத்தனையும் பரேடு இங்கிலீஷ். அதிலும் உயிரை வைத்திருந்தது 'ஃபாலின்' என்ற சொல்லில்.

"மாப்ளே, ஃபாலின்னா ஓடிவந்து வரிசையில நில்லுன்னு அர்த்தம். ஃபால் அவுட்னா கலைஞ்சு போ. வெள்ளைக்காரன் இந்த ரெண்டு வார்த்தைய வச்சுத்தான் ராஜ்யம் நடத்துதான்" என்பார்.

வெள்ளைக்காரன் ராஜ்யம் எப்படியோ போகட்டும். அத்தான் வீட்டு ராஜ்யம் அந்த இரண்டு வார்த்தையில் சந்தி சிரித்தது. மகள் பாலம்மாளைப் பார்க்க முதல் மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, வாசலில் செருப்பைக் கழற்றியவர்களை உயரவாரியாக வரிசையில் நிற்கவைத்தார். ஆள் குட்டை என்று கடைசியில் தள்ளப்பட்டவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் அங்கிருந்தே வண்டி ஏறிவிட்டார். இரண்டாவது மாப்பிள்ளைக்கு முழங்கால் சரியாக இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று முற்றத்தில் குவிக் மார்ச் போகச் சொன்னார். அந்தப் பையன் மார்ச் பண்ணிக்கொண்டே வாசலைத் தாண்டினான், தெருவைத் தாண்டினான், திரும்பி வரவே இல்லை.

மூன்றாவதாக ஒரு சம்பந்தம் நான் பார்த்துக் கொண்டுவந்தது. பையன் பெயர் காந்திமதிநாதன், வீரகேரளம்புதூர்க்காரன். தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். தகப்பனாருக்குக் கொழும்பில் கடை. இங்கே வீட்டில் தாயார் ரெங்கம்மாள் வைத்ததுதான் சட்டம். பையனைத் தேரோட்டத்தன்றைக்குப் பாலம்மாள் தூரத்தில் பார்த்திருக்கிறாள். "பரவால்லம்மா" என்றாளாம். முதல் இரண்டு பேருக்கும் அந்த ஒரு வார்த்தைகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

அக்காள் என் கடைக்கு வந்து கண்ணைக் கசக்கினாள். "ஏலே, எம்பிள்ள தானா வாயத் தெறந்து ஒருத்தன நல்லாருக்கான்னு சொல்லிருக்கா. இதுவும் ஒங்க அத்தானால போச்சுன்னா, நான் இந்த எண்ணெக் கொப்பரைக்குள்ள எறங்கி உக்காந்துருவேன், பாத்துக்கோ."

கொப்பரை புதிது. நான் அத்தானைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன். சீசன் குளியல் என்று பேர்பண்ணி அவர்களை என் வீட்டுக்கே வரவழைத்திருக்கிறேன், காலையில் குளியல், மத்தியானம் பெண் பார்த்தல், அவர்கள் போகிறவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்றேன்.

"தெறக்க மாட்டேன் மாப்ளே. ஆனா இங்கிலீஷ்ல ஆர்டர் வந்துட்டா நான் பொறுப்பில்ல. ரத்தத்துல ஊறினது."

"ஒங்களுக்கு ஆர்டர் போட அங்கன யாரு வரப்போறா அத்தான்?" என்று சிரித்தேன். வாயில் வசம்பைத்தான் வைத்துத் தேய்க்க வேண்டும் எனக்கு.

அன்றைக்குச் சாரல் நன்றாக இருந்தது. தாயும் மகனும் தென்காசியிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். என் வீட்டு வாசலில் நின்றால் பெரிய அருவி தெரியும். காந்திமதிநாதன் அதைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து, "ஆகா, என்ன ஃபால்! என்ன ஃபால்!" என்றான்.

ஃபாலில் முதலில் வருகிற அந்தக் காற்றடிக்கிற எழுத்து எங்கள் காதுக்குப் பிடிபடாது. அடுப்படியில் இருந்த அக்காளுக்கு அது 'பால்' என்றுதான் கேட்டது. வந்து வாசலில் நிற்கும்போதே மாப்பிள்ளை பால் கேட்கிறார் என்று பதறிப்போய், சுண்டக் காய்ச்சிய பாலை ஒரு டம்ளர் நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். இது இந்த வீட்டு வழக்கம்போல என்று அவனும் குடித்துவிட்டான்.

குடித்துவிட்டுச் சும்மா இருந்தானா? வாயைத் துடைத்துக்கொண்டு, ஐந்தருவியை மனதில் வைத்து, "இது நல்ல ஃபால்தான். ஆனா எனக்கு ஃபைவ் ஃபால்ஸ்தான் ரொம்ப இஷ்டம்" என்றான்.

பரேடுக்காரனோடு குடித்தனம் நடத்தியவள் அக்காள். ஒன், டூ, த்ரீ எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஃபைவ் என்றால் ஐந்து. உள்ளே போய்த் தாம்பாளத்தில் ஐந்து டம்ளர் பால் வைத்து எடுத்துவந்தாள்.

காந்திமதிநாதன் தாம்பாளத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வேண்டாம் என்றால் பெண்ணையே வேண்டாம் என்றதாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயம். ஒவ்வொன்றாகக் குடித்து முடித்தான். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

ரெங்கம்மாளுக்கு ஒரே ஆச்சரியம். "பாத்தியளா மதினி, வீட்டுல பாலக் கண்டாலே ஓடுவான். ஒங்க கைராசி!" என்றாள்.

அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் மூலையில் மீசையைத் தடவிக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார். என் வயிற்றிலும் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பெண்களைப் பெண்கள் பக்கம் குளிக்க அனுப்பிவிட்டு, நாங்கள் ஆண்கள் பக்கம் போனோம். மாப்பிள்ளையை ஒரு பாறையில் உட்காரவைத்து, தலையிலிருந்து கால்வரை கடையின் முதல் தரமான எண்ணெயைத் தேய்த்துவிட்டேன். இடுப்பில் ஒரு துண்டு, வயிற்றில் ஆறு டம்ளர் பால், அந்த நிலைமையிலும் வாத்தியார் புத்தி போகவில்லை.

"மாமா, இங்கிலீஷ்ல ஃபால்னு ஒரு வார்த்தை. அதுக்குள்ள எத்தனை அர்த்தம் தெரியுமா? அருவியும் ஃபால். மழை பெய்தாலும் ஃபால். வெல எறங்கினா ஃபால். ராஜ்யம் கவுந்தா ஃபால். அமெரிக்காவுல எலை உதிருத காலத்துக்கே ஃபால்னு பேரு. ரெண்டு பேரு சண்டை போட்டுப் பிரிஞ்சா ஃபால் அவுட்!"

"சண்டையா?" அத்தானுக்குக் காது சிவந்துவிட்டது. நான் அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் கவ்விக்கொண்டார்.

"இன்னொரு அர்த்தமும் இருக்கு. அத மாமா முன்னால சொல்லக் கூடாது" என்று காந்திமதிநாதன் அத்தானைப் பார்த்து வெட்கப்பட்டான். பிறகு, "தமிழ்ல இப்படி ஒரு வார்த்தை சொல்லுங்க பாப்போம்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எண்ணெய்க் கையோடு பதில் தேட முடியுமா?

அப்போதுதான் பெண்கள் குளித்து முடித்து எங்கள் பாறைப் பக்கமாக வந்தார்கள். முன்னால் பாலம்மாள், ஈரத் தலையும் கையில் இட்லித் தூக்குவாளியுமாக. பெண் பார்ப்பது மத்தியானம் என்றுதான் ஏற்பாடு. கண்ணுக்கு ஏற்பாடு தெரியுமா? காந்திமதிநாதன் பார்த்தான். அவளும் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். இவன் துண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, எதிரில் நிற்கிற மாமனாரை மறந்து, இங்கிலீஷில் முனகினான்.

"ஐ ஹாவ் ஃபாலன் இன்..."

மிச்சத்தை அவன் சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே? அத்தான் காதுக்கு அது பரேடு ஆர்டர். வாயிலிருந்து துண்டு பறந்தது.

"ஃபாலின்!"

அருவிச் சத்தம் அமுங்கிப்போகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் போலீஸ், பட்டாளம். சீசனுக்கு லீவு போட்டுக் குளிக்க வருவார்கள். அருவிக்கு அடியில் நின்றவன், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவன், பல் விளக்கிக்கொண்டிருந்தவன் எல்லாரும் கோவணத்தோடு ஓடிவந்து நெஞ்சை நிமிர்த்தி வரிசையில் நின்றார்கள். வரிசையைப் பார்த்து, ஏதோ பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று இன்னும் சிலபேர் வந்து பின்னால் நின்றுகொண்டார்கள்.

காந்திமதிநாதன் மிரண்டு ஓரடி எடுத்து வைத்தான். முதல் தரமான எண்ணெய் அல்லவா? காலை வாரிவிட்டது. பாறையில் மல்லாந்து, அப்படியே சறுக்கிக்கொண்டு போய்ப் பாலம்மாள் காலடியில் கிடந்தான். தூக்குவாளி கவிழ்ந்து இட்லி அத்தனையும் அவன் நெஞ்சில் கொட்டியது.

"எம்புள்ளைய விழத்தட்டிட்டாரே!" என்று ரெங்கம்மாள் அலறினாள்.

அத்தான் வெலவெலத்துப் போனார். வரிசையைக் கலைக்க நினைத்து, "ஃபால் அவுட், ஃபால் அவுட்" என்றார். இந்தத் தடவை குரல் அருவிச் சத்தத்தில் அமுங்கிப்போனதால் வரிசையில் நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. கீழே கிடந்த மாப்பிள்ளைக்கு மட்டும் நன்றாகக் கேட்டது.

"எம்மா, சண்டை போட்டுப் பிரிஞ்சு போங்கன்னு மாமா சொல்லுதாரு" என்றான் அழமாட்டாத குறையாக.

"பிரிஞ்சுதான் போறோம். இதென்ன வீடா, ஜெயிலா? வண்டியக் கூப்பிடுலே!" ரெங்கம்மாள் சேலையை உதறிக் கட்டினாள்.

அக்காள் தலையில் கையை வைத்துக்கொண்டு என் கொப்பரை இருக்கிற திசையைப் பார்த்தாள். பாலம்மாள் அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவள், இப்போது கண் நிறைந்து நின்றாள்.

"எப்பா, ஒங்க இங்கிலீஷ் போதும்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அத்தான் முகத்தை அன்றைக்குப் பார்த்ததுபோல நான் பார்த்ததே இல்லை. இன்ஸ்பெக்டர் முன்னாலும் விறைப்பு குறையாத மனுஷர். ரெங்கம்மாளுக்கு நேரே போய் நின்றார். "அம்மா, எனக்குத் தெரிஞ்சதே ரெண்டு வார்த்தை. அது எம்பிள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டு. தப்பு என்மேல. அவ தங்கமான பிள்ள" என்று சொல்லி, நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தார்.

வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆர்டர் போட்டவரே தரையில் கிடக்கிறார். இது ஏதோ புது டிரில் என்று, எண்ணெய் வழிகிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொப்பென்று ரெங்கம்மாள் காலில் விழுந்தார்கள்.

"ஐயய்யோ! எந்திரிங்கய்யா! நான் என்ன பாவம் செஞ்சேன், எல்லாரும் எந்திரிங்க!" என்று ரெங்கம்மாள் குதித்தாள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஆர்டர் வரவில்லையே.

"எம்மா, நானும் விழுந்துதான் கெடக்கேன்" என்றான் மகன் இட்லிக்கு அடியிலிருந்து.

"நீ வழுக்கி விழுந்தே. எந்திரிலே மொதல்ல."

"வழுக்கினது ரெண்டாவதும்மா. நான் அதுக்கு முந்தியே விழுந்துட்டேன்."

ரெங்கம்மாளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மகனைப் பார்த்தாள், அவன் யாரைப் பார்க்கிறான் என்று பார்த்தாள். பாலம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு தாயாருக்கும் ஒட்டிக்கொண்டது.

"நாசமாப் போச்சு. சரி, பொண்ணு எங்க வீட்டுக்குத்தான். எந்திரிங்க எல்லாரும்."

அத்தான் தலையை மட்டும் தூக்கினார். "அம்மா, காதுல சரியா விழல. இன்னொரு தரம் சொல்லுங்க."

"மாமா!" என்று காந்திமதிநாதன் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே துள்ளி எழுந்து உட்கார்ந்தான். "காதுல விழுது, கால்ல விழுது, விழுந்து விழுந்து சிரிக்குது! தமிழ்லயும் இருக்கு மாமா!"

"இருக்குலே. வாயத் தெறக்காம துண்ட இறுக்கிக் கட்டு" என்றேன்.

ஆவணியில் தென்காசியில் கல்யாணம். அத்தானுடைய விசிலை முதல்நாளே வாங்கி என் மடியில் முடிந்துகொண்டேன். மூன்றாவது முடிச்சும் விழுந்தது, அத்தான் மூச்சு விடவில்லை. அக்காள் பாலும் பழமும் கொண்டுவந்தபோது, மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டு, "அத்தை, பழம் மட்டும் போதும்" என்றான்.

பந்தியில்தான் வினை. இரண்டு ஊர் ஜனமும் இலைக்கு முண்டியடித்து, பந்தல் கால் ஆட ஆரம்பித்தது. அத்தான் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் முடியாது என்று தலையாட்டினேன். ரெங்கம்மாள் கூட்டத்தில் இடிபட்டு வெளியே வந்தாள்.

"என்ன ஏட்டையா, பாத்துக்கிட்டே நிக்கிய? போடுங்க ஒங்க ஃபாலின்ன!"

போட்டார் பாருங்கள், குற்றாலத்துக்கே கேட்டிருக்கும். ஒரு நொடியில் இரண்டு ஊரும் வரிசைக்கு வந்தது. முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்தி நின்றது சம்பந்தியம்மாள்தான். மடியில் முடிந்திருந்த விசிலை எடுத்து அத்தான் கையில் கொடுத்துவிட்டு, நானும் போய்க் கடைசியில் நின்றேன்.