நீலாவதிக்கு ஒரு சாட்சி

ரப்பர் பால் நிறுக்கிற நேரம். ஸ்டோருக்கு முன்னால் வரிசையாக நின்ற பெண்கள் வாளிகளை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலையை மேற்பார்க்கும் முனியாண்டி மண்டோர் தராசுப் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நீலாவதியின் முறை வந்தது. பாலை ஊற்றினாள், வாளியைக் கழுவினாள், ஆனால் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் போகவில்லை. கூட்டம் கலையும்வரை தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தாள்.

"மண்டோரே, ஒரு கையெழுத்து வேணும்."

"எதுக்கு?"

"பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடப் போறேன். இத்தன வருசமா இங்கதான் இருக்கேன், ஒழுங்கா நடந்துக்கிட்டேன்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் சாட்சி சொல்லணுமாம். ஒங்களவிட என்னைத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். முனியாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் பக்கம் திரும்பினார்.

"பாக்கலாம்லா. இப்ப வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அன்றைக்கு அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

மலாயாவில் பெடாஸ் என்ற ஊரிலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்தது அந்தத் தோட்டம். ஆண்டு 1958. நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. ஆனால் காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் முடிந்தபாடில்லை. லயங்களைச் சுற்றிப் போட்ட கம்பிவேலி அப்படியே நின்றது. தோட்டம் முழுவதும் ஒரே பேச்சுதான். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாதவர்களைக் கப்பலேற்றி விடுவார்களாம். அதில் பாதி புரளி. ஆனால் பயம் என்னவோ முழுதாக இருந்தது. முனியாண்டி விவரமானவர். முதல் ஆளாக எழுதிப் போட்டு வாங்கி, கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்.

நீலாவதி அப்படி முந்திக்கொள்ளவில்லை. பதினேழு வயதில் புருஷனோடு கப்பலேறி வந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில்பாதை போடப் போன புருஷன் திரும்பவே இல்லை. ஒரே மகள் லெட்சுமியை இந்த ஆண்டுதான் ராசா என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருந்தாள். இந்தியாவில் அவளுக்கென்று ஒரு நாதியும் இல்லை. இருந்தும் இத்தனை நாள் அவள் மனுப்போடத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் முனியாண்டிக்கு நன்றாகத் தெரியும்.

ஏழு வருடங்களுக்கு முன் நடந்தது அது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாதென உத்தரவு. மீறினால் ஜெயில். முனியாண்டிக்கு அப்போது வயிற்றுப்புண். காலையிலிருந்து மதியம்வரை வெறும் வயிறாக இருந்தால் சுருண்டு விழுந்துவிடுவார். வேலிக் கேட்டில் ஆண்களைத் தடவித் தடவிச் சோதிப்பார்கள்; பெண்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதனால் இலையில் கட்டிய தன் சோற்றுப் பொட்டலத்தை நீலாவதியின் வாளியில் வைத்து அனுப்பினார். அவள் மாட்டேனென்று சொல்லவில்லை. மண்டோர் கேட்டால் யார்தான் சொல்வார்கள்? நாலாவது நாள் சோதனைக்குப் பெண் போலீஸ் வந்திருந்தாள். பொட்டலம் அகப்பட்டது.

"யாரு சோறு?" என்று கேட்டார்கள். "என்னுது" என்றாள் நீலாவதி.

முனியாண்டி பத்தடி தள்ளி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. ஒரு மாதம் ஜெயில். திரும்பி வந்தவள் அதைப்பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசவில்லை. பேசாமல் பேசாமல் ஏழு வருடம் ஓடிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி பெடாஸுக்குப் போனார். காதர் மைதீனின் மளிகைக் கடையில் சாமான் கட்டச் சொல்லிவிட்டு உள்ளே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். படிக்காதவர்களுக்குக் காதர் மைதீன்தான் கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் ஒரு மேசை போட்டு மனு எழுதித் தருவார். வெளியே அந்த மேசையின் முன்னால் நீலாவதியின் குரல் கேட்டது.

"போலீசு கேசு ஏதாச்சும் உண்டாம்மா?" என்று கேட்டார் காதர் மைதீன்.

"இருக்குது பாய். சோறு கொண்டுபோனேன்னு ஒரு மாசம் உள்ள வெச்சாங்க."

பேனா நின்றது. "இது லேசுப்பட்ட வெசயம் இல்லம்மா. மறைச்சா பொய் சொன்ன குத்தம் வேற சேந்துக்கும். எழுதித்தான் ஆவணும். அந்தச் சோறு யாருக்குன்னு கேப்பாங்களே?"

உள்ளே முனியாண்டி மூட்டைமேலிருந்து எழுந்தார்.

"எனக்குத்தான் பாய். பசிக்குமேன்னு எடுத்துட்டுப் போனேன்."

"காட்டுக்காரங்களுக்கு இல்லன்னு சாட்சி இருக்கா?"

அவள் மெல்லச் சொன்னாள்: "ஒருத்தர் இருக்காரு. வருவாரான்னு தெரியல."

சாமானை மறந்துவிட்டு, முனியாண்டி பின்பக்க வழியாக வெளியேறினார்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. மனைவி முத்தாயி எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

"நீலாவதி கையெழுத்து கேட்டாளாமே. போட்டீங்களா?"

"போட்டா கேள்வி கேப்பாங்க முத்தாயி. பழசக் கிண்டுவாங்க. என் மண்டோர் வேல போயிரும். அந்தப் பத்திரத்தையே திருப்பி வாங்கிக்கிட்டா? நாலு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு எங்க போறது?"

"அவ ஒத்தப் புள்ளைய விட்டுட்டு ஜெயிலுக்குப் போனாளே, அன்னிக்கு நீங்க இதெல்லாம் யோசிச்சீங்களா?" முத்தாயியின் குரல் உயரவில்லை. "அந்தப் பொட்டலத்தக் கட்டுனவ நானு. அந்த ஒரு மாசமும் லெட்சுமிக்கு நாந்தான் சோறு போட்டேன். அம்மா எப்ப வரும் அத்தன்னு கேட்டுக்கிட்டே திங்கும். ஒவ்வொரு வாயும் எனக்கு நெருப்பா இருந்திச்சு. நானும் வாய மூடிக்கிட்டுத்தான இருந்தேன்? எனக்கும் சேத்து நீங்க போயிச் சொல்லிட்டு வாங்க. வேல போனா போவட்டும். நான் பால் வெட்டிக் காப்பாத்துறேன்."

முனியாண்டி கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். நேராக நீலாவதியின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"நான் வர்றேன். சாட்சிக்கு" என்றார். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்: "அன்னிக்கு ஏம்மா என் பேரச் சொல்லல?"

நீலாவதி கோடரியைக் கீழே வைத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள நீங்களே வந்து சொல்லிருவீங்கன்னு நெனச்சேன் மண்டோரே."

முனியாண்டி தலைகுனிந்தபடி வீட்டுக்குத் திரும்பினார்.

விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் இருவரும் பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மலாய்க்கார அதிகாரி. பெயர், வயது, எத்தனை வருடம் இங்கே இருக்கிறாய் என்று மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். மலாய் தெரிகிறதா என்று பார்க்கும் சோதனையும் அதுதான். நீலாவதிக்குத் தெரிந்தது சந்தையில் மீன் வாங்கிப் பழகிய மலாய். ஆனால் தடுமாறவில்லை. "டுவா புலோ சாத்து தாஹுன், துவான்" என்றாள். இருபத்தொரு வருடம், ஐயா. அதிகாரி தலையசைத்தார். முனியாண்டிக்கே பெருமையாக இருந்தது.

காகிதத்தைப் புரட்டிய அதிகாரியின் விரல் ஓரிடத்தில் நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"நாசி சியாப்பா?" யாருடைய சோறு?

நீலாவதி ஒரு கணம் கண்களை மூடித் திறந்தாள். "நாசி சாயா, துவான்." என் சோறு.

முனியாண்டி எழுந்தார். கடைசி நேரத்தில்கூட மனம் அவரை உட்காரச் சொன்னது. உட்காரவில்லை.

"புக்கான், துவான்" என்றார். "நாசி சாயா."

இல்லை. அது என் சோறு.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் கேட்டார். முனியாண்டி வயிற்றுப்புண்ணிலிருந்து தொடங்கி, பத்தடி தள்ளி நின்றது வரைக்கும் சொன்னார். ஒன்றையும் விடவில்லை.

"உன் மனுவுக்கு விசாரித்தபோது இதைச் சொன்னாயா?"

"யாரும் கேக்கல துவான்."

"இன்றைக்கும் உன்னை யாரும் கேட்கவில்லையே. பிறகு ஏன் சொன்னாய்?"

முனியாண்டி நீலாவதியைக் காட்டினார். "அந்தப் பொம்பள செய்யாத குத்தத்த ரெண்டாந்தரம் ஒத்துக்கிச்சு துவான். மூணாந்தரமும் ஒத்துக்கும். அதப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்க என்னால முடியல."

அதிகாரி வெகுநேரம் எழுதினார். பிறகு இருவருக்கும் புரியும்படி நிதானமாகச் சொன்னார்: ஒரு மாதத் தண்டனை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளப்போவதில்லை, சோறு காட்டுக்குப் போனதா என்பதுதான் தனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அது தெரிந்துவிட்டது. முனியாண்டியின் பக்கம் திரும்பி, "உன் பத்திரம் உன்னிடமே இருக்கட்டும். ஆனால் இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ" என்றார். முனியாண்டி போட்டார். ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறை உருண்டு விழுந்தது போலிருந்தது.

வெளியே வந்ததும் நீலாவதி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கொஞ்சம் ஓய்ந்த பிறகு, "ஏழு வருசம் லேட்டு மண்டோரே" என்றாள். "ஆனா வந்துட்டீங்க."

ஆறு வாரத்தில் பத்திரம் வந்தது. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பஸ் பிடித்து ராசாவுக்குப் போய் மகளிடம் காட்டிவிட்டு வந்தாள் நீலாவதி.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் கூடியிருந்தபோது, அர்ச்சுனன் என்ற பால்வெட்டுக்காரன் முனியாண்டியிடம் மெல்லக் கேட்டான்: "மண்டோரே, என் மேலயும் ஒரு பழைய சோத்துக் கேசு இருக்கு. எழுதிப் போட்டா வம்புல மாட்டிக்குவேனா?"

ரகசியமாகக் கேட்ட கேள்விக்கு முனியாண்டி எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொன்னார். நீலாவதி எதற்காக ஜெயிலுக்குப் போனாள், அந்தச் சோறு யாருடையது, அன்றைக்குத் தான் எங்கே நின்றார் என்று முழுக்கச் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். நீலாவதி தலைகுனியவில்லை.

"எழுதிப் போடு அர்ச்சுனா. மறைக்காம எழுது. சாட்சிக்கு நான் வர்றேன்" என்றார் முனியாண்டி. "எல்லாரும் கேட்டுக்குங்க. நாம செஞ்ச தப்ப இன்னொருத்தர் தலையில ஏத்திட்டு, பயந்துட்டேன்னு சொல்லிக்கிட்டு நல்லவனா நடமாடுறோமே, அந்த நல்ல பேரு நம்மளது இல்ல. அது திருடினது. நாட்டுக்குப் பிரஜையாவுறதுக்கு ஒரு கடுதாசி போதும். பக்கத்து வீட்டுக்காரிக்கு மனுசனா இருக்கணும்னா, வாயத் தொறக்க வேண்டிய நேரத்துல தொறக்கணும்."