ஞானதுரை சாரின் மூளையில் எங்கள் வீடு

ஞானதுரை சாரின் மூளையில் பழுதான பகுதி எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இயங்கிவந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்தபின், அவர் மனைவி பிளாரன்ஸ் டீச்சர் அந்தப் பகுதிக்கு ஒரு கணித மாதிரி தயாரித்தார். கல்லூரியில் கணிதம் நடத்துகிறவர். நரம்பணுக்கள் ஒன்றையொன்று எப்படி எழுப்பும் என்று சமன்பாடுகள் போட்டுவிட்டு, எங்கள் ஒவ்வொரு வீட்டையும் ஒரு நரம்பணுவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நல்ல மனிதர்கள் என்பதால் எல்லோரும் சம்மதித்தோம்.

விதி எளிதானது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நம் அழைப்புமணியை அடித்தால், நாம் போய் அடுத்த வீடுகளின் மணியை அடிக்க வேண்டும். ஒருவர் மட்டும் அடித்தால் பேசாமல் இருந்துவிட வேண்டும். மாடியிலிருந்து மணிகள் வரிசையாக ஒலித்து இறங்கினால், தரைத்தளத்தில் ஞானதுரை சார் காப்பி கேட்கிறார் என்று தெரிந்துகொள்வோம். எங்கள் வீடு அவருடைய நினைவில் பெயர்கள் இருக்கும் பக்கம். குழம்பு கொதிக்கும்போது மணி அடித்தால் அடுப்பைத் தணித்துவிட்டுப் போவேன்.

குடியிருப்புச் செயலாளர் வைத்தீஸ்வரன் ஒழுங்கை விரும்புகிறவர். தவறுதலாகக்கூட யாரும் மணியைத் தொடக் கூடாது, விருந்தாளிகள் கதவைத் தட்டினால் போதும் என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்களும் பிசகில்லாமல் நடந்துகொண்டோம்.

அதன்பிறகு ஞானதுரை சார் ஒரே நினைவில் நின்றுவிட்டார். "இன்னிக்கு மழை வரும்" என்று காலையில் சொல்வார். மாலையிலும் அதையே சொல்வார். டீச்சர் பக்கத்தில் போனால் "உட்காருங்கம்மா" என்று அந்நியரிடம் சொல்வதுபோல் மரியாதையாகச் சொல்லிவிட்டு, மறுபடி மழைக்குப் போய்விடுவார். மணிகளும் அதே வீடுகளைச் சுற்றிச் சுற்றி வந்தன.

டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"நீங்க எல்லாரும் ரொம்பச் சரியா அடிக்கிறீங்கம்மா. மூளை அப்படி இருக்காது. எங்கயாவது ஒரு மணி காரணமே இல்லாம அடிக்கணும். அப்பத்தான் அவர் அந்தச் சுத்தலை விட்டு வெளிய வருவார்."

"நான் அடிக்கிறேன் டீச்சர். எப்ப அடிக்கட்டும்?"

"எப்பன்னு நான் சொல்லிட்டா அது தற்செயல் இல்லையே. நீங்களா யோசிச்சு அடிச்சாலும் அப்படித்தான்."

அப்போது என் கணவர் முத்தரசு உள்ளறையில் தும்மினார். அவருக்குத் தூசி ஆகாது. எந்த நேரத்தில் தும்முவார் என்று அவருக்கே தெரியாது. டீச்சர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்களுக்குச் சிரமமில்லேன்னா..."

"இதுல என்ன சிரமம் டீச்சர்" என்று சொல்லி முடிப்பதற்குள் இவருக்கு இன்னொரு தும்மல் வந்தது. நான் ஓடிப்போய் எதிர்வீட்டு மணியை அடித்தேன்.

இவர் அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பரண்மேல் ஏறித் தூசி தட்டத் தொடங்கினார். தட்டுவது நம் கையில், தும்முவது நம் கையில் இல்லை, ஆகையால் செல்லும் என்று டீச்சர் ஏற்றுக்கொண்டார். வைத்தீஸ்வரன் முதலில் ஆட்சேபித்தார். பிறகு அவரே தன் வீட்டுப் பழைய ஜமக்காளத்தைக் கொண்டுவந்து எங்கள் கூடத்தில் உதறினார்.

ஒரு மதியம் இவர் விடாமல் தும்மினார். மணிகள் இதுவரை போகாத வழியில் போயின. வைத்தீஸ்வரன் வீட்டில் நுழைந்து, மேல்மாடி வரை ஏறி, படபடவென்று கீழே இறங்கின. கரண்டியும் துண்டுமாக எல்லோரும் தரைத்தளத்துக்கு ஓடினோம்.

ஞானதுரை சார் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.

"பிளாரா, குடை எடுத்துக்கிட்டியா?"

"எடுத்துக்கிட்டேங்க" என்றார் டீச்சர். அவர் கையில் ஒன்றும் இல்லை. வைத்தீஸ்வரன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் காலை இவரும் நானும் காய்கறி வாங்கிவிட்டு வந்து லிஃப்டில் ஏறினோம். உள்ளே காக்கிச் சட்டை போட்ட கண்டக்டர் ஒருவர், "உள்ள போங்க, உள்ள போங்க, ஞானதுரை தம்பி காலேஜ்ல இறங்கணும்" என்றார். கல்லூரிப் பையன் ஒருவன் படியில் தொங்கியபடி, முன்னால் டீச்சரின் ஜாடையில் ரெட்டைச் சடையோடு நின்ற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசில் ஊதியதும் லிஃப்ட் கிளம்பியது. நல்லவேளையாக எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது.