பாடைக்கு ஒரு சேவல்

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க, சொந்தபந்தம் நீர்மாலைக்குக் கிளம்பிப் போனதும் முத்துமாரி அடுப்படிக்குள் நுழைந்து, அப்பா சாப்பிடும் வட்டிலை எடுத்து மோந்து பார்த்தாள். ஒரு வாடையும் இல்லை. கஞ்சி வாடை இருந்திருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். விடியக்காலையில் மாமனாரைப் பறிகொடுத்த தம்பி பொண்டாட்டி, வட்டிலை இவ்வளவு பளிச்சென்று எதற்காகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்?

வாசலில் ஒன்றிரண்டு பேர் மட்டும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சோணைமுத்து தாடையைச் சுற்றிய நாடிக்கட்டோடு பெஞ்சில் கிடந்தார். தம்பி பாலகுரு போனில் சொன்ன கையோடு சிவகாசியிலிருந்து ஓடி வந்தவள் முத்துமாரி. காலண்டர் சீசன் என்பதால் அச்சாபீசில் லீவு கிடைக்காமல், ஆடியில் வந்தவள் இப்போதுதான் அச்சங்குளத்துக்கு வருகிறாள். வந்ததிலிருந்து அவளுக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை.

தம்பி பொண்டாட்டி பானுப்பிரியா வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். ஆம்பிளை உயரம், ஆனால் குரல் மட்டும் தரையில் கிடக்கும். இவளிடமும் அதையேதான் சொன்னாள்.

"ஒரு மாசமா எந்திரிக்கவே இல்ல மதினி. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக."

ஒரு மாசமா! அப்பா தினமும் பொழுதடையப் போனில் பேசினாரே. 'கோழிக்கு எரை போட்டுக்கிட்டு நிக்கேன் தாயி' என்பார். பின்னாலேயே சேவல் கூவும். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர் பேசுகிற பேச்சா அது? பாலகுருவைக் கேட்டால், "ஆமாக்கா, படுக்கைதான்" என்றான். அவன் லோடு வண்டியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். பொண்டாட்டி வாயில் வருவதுதான் அவன் வாயிலும் வரும்.

சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள். மாரில் அடித்து அழுதபடியே அவள் சொன்னாள்.

"நேத்துப் பொழுதடைய கம்பெனி வேன விட்டு எறங்கி வாரேன், செவத்துக்கு அங்கிட்டு நின்னு கோழிக்கு எரை போட்டாரே எங்கண்ணன்! அதே செவப்புக் கட்டம் போட்ட சட்ட, தலையில துண்டு. எம்புட்டுத் தெடமா நின்னாரு! ராத்திரிக்குள்ள என்ன வந்துச்சோ!"

அந்தச் சட்டையை மூன்று தீபாவளிக்கு முன்னால் எடுத்துக் கொடுத்ததே முத்துமாரிதான். இரண்டு பேரில் ஒருத்தி பொய் சொல்கிறாள். கருப்பம்மாளுக்குப் பொய் சொல்லி ஆகப்போவது என்ன?

வட்டிலை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தாள். முருங்கை மூட்டில் மண் புதிதாகக் கிளறிக் கிடந்தது. ஒட்டியும் ஒட்டாமலும் சாம்பல் நிற இறகுகள். அப்பா வளர்த்த பெட்டைகள் ஒன்றையும் காணோம். காலையில் கேட்டபோது, "கழிச்சல்ல போயிருச்சு மதினி" என்று பானு தலையைக் குனிந்துகொண்டாள். எதற்குக் குனிய வேண்டும்? அப்பா மிச்சம் வைக்கிற சோறு கோழிகளுக்குத்தான் போகும். சோறு தின்ற கோழியும் செத்தது, சோறு தின்ற மனுஷனும் செத்தார்.

முத்துமாரி விறுவிறுவென்று வாசலுக்கு வந்தாள். புருஷன் ஜெயபாண்டியைச் சந்துக்குள் இழுத்துப் போனாள்.

"போலீசுக்குச் சொல்லுங்க. அறுத்துப் பாக்கட்டும்."

"வெளங்கித்தான் பேசுறியா? கேசுன்னு ஆயிட்டா ஒன் தம்பி குடும்பம் தெருவுல நிக்கும். பெறகு இந்த வீட்டு வாசப்படி நீ மிதிக்க முடியாது."

"எங்கப்பனே போயிட்டாரு. வாசப்படி எதுக்கு எனக்கு? இன்னொருக்க விசாரிச்சுட்டு, பாடையத் தூக்குறதுக்கு முந்தி ஒங்களப் பாத்துத் தலையாட்டுவேன். போனப் போட்டுருங்க."

அவன் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான்.

நீர்மாலை எடுத்தவர்கள் திரும்பி வந்து, குளிப்பாட்டி, கோடித்துணி போர்த்தி முடித்தபோது பாடை கட்டிய இருளாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இன்னைக்குச் சனிக்கெழமையில்ல? கோழி வேணுமே."

சனிக்கிழமை செத்தவர் துணைக்கு ஆள் கூட்டிப் போய்விடுவார் என்று பயம். மனுஷனுக்குப் பதிலாக ஒரு கோழியைப் பாடையில் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

"பக்கத்து வீடுகள்ல கேளுங்களேன்" என்றாள் முத்துமாரி.

"ஊருல ஏது தாயி கோழி? வெள்ளக்கழிச்சல் வந்து வீட்டுக்கு வீடு கழுத்தத் திருக்கிப் போட்டுட்டுல்ல போயிருச்சு. ஒங்க வீட்டுச் சேவ ஒண்ணுதான் தப்பிச்சு நிக்கி. ஒன் தம்பி பொண்டாட்டி வெங்காயமும் சீரகமும் அரச்சு ஊட்டி, தனியாக் கட்டி வச்சுக் காப்பாத்திருக்கா."

முத்துமாரிக்குள் ஏதோ சறுக்கியது. அப்படியென்றால் கோழிகள் நோயில்தான் போயிருக்கின்றன. சரி, போகட்டும். திடமாக நின்று எரை போட்ட மனுஷன் எப்படிப் போனார்?

சேவலைப் பிடிக்கிற வேலை ஆரம்பித்தது. அதற்கு ஏட்டையா என்று பேர் வைத்தது அப்பாதான். காக்கி நிறம், யாரையும் விசாரிக்காமல் அடிக்கும். 'என்னத் தவர எவனையும் அண்ட விடாது' என்பதில் அவருக்கு, மகன் கலெக்டரான மாதிரி பெருமை. பாலகுரு சாக்கோடு கொல்லைக்குள் போய், முழங்காலுக்குக் கீழே சேவலின் கால்முள் கிழித்த ரத்தத்தோடு வந்தான். இருளாண்டி கோழி கவிழ்க்கிற பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அதை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்தார். எழவு வீடென்றும் பாராமல் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"தள்ளுங்க. எங்கப்பன் வளத்த சேவ, எனக்கு அடங்காதா?" என்று முத்துமாரி போனாள்.

ஏட்டையா ஒரு இறக்கையைத் தாழ்த்தித் தரையைத் தேய்த்தபடி பக்கவாட்டில் நகர்ந்து வந்தது. பணிகிறது என்று அவள் குனிந்தாள். மறு நொடி மார் உயரத்துக்கு எவ்வி அடித்தது. சேலை கிழிந்து, முழங்கையில் ரத்தம் கசிந்தது. மகள் என்று அதற்கு யார் சொல்வது?

"நா புடிக்கேன் மதினி. நீங்க வாங்க இங்கிட்டு" என்றாள் பானு.

உள்ளே போனவள், சேலைக்கு மேலே சிவப்புக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. இங்கே பொம்பளைகள் சேலைக்கு மேல் சட்டை போட்டுத்தான் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். கொடியில் கிடந்த துண்டைத் தலையில் சுற்றி, கொட்டாங்கச்சியில் குருணையை அள்ளிக்கொண்டு கொல்லையில் இறங்கினாள். லேசாகக் கூன் போட்டு, கையை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி வீசி, "ந்தா... ந்தா... ந்தா..." என்று கூப்பிட்டாள்.

முத்துமாரி தன் அப்பாவின் முதுகைப் பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், பூப்பறிக்கத் தன் வீட்டுக்குப் போயிருந்த கருப்பம்மாள் வீறிட்டாள். "ஏ ஆத்தே! எண்ணே!"

பானு திரும்பினாள். கருப்பம்மாள் சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள்.

"நேத்தும் நீதானாடி?"

"ஒரு மாசமா நாந்தான் சின்னாத்தா. சேலையோட போனாக் கொத்திக் கொதறிருது. அதுக்குச் சட்டதான் மாமா. இப்பிடிக் குனி, இப்பிடி வீசுன்னு கட்டில்ல கெடந்துக்கிட்டே சன்னல் வழியாச் சொல்லிக் குடுத்தாக."

ஏட்டையா அவள் காலடியில் குருணை பொறுக்கிக்கொண்டிருந்தது. வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கினாள். அது முனகக் கூட இல்லை.

"மதினிக்குப் போன் போடுறப்ப மட்டும் சன்னல நல்லாத் தெறந்து விடச் சொல்லுவாக" என்றாள், சேவலைப் பார்த்தபடி. "சேவ கூவுறது மதினிக்குக் கேக்கணுமாம்."

முத்துமாரிக்கு வட்டில் ஞாபகம் வந்தது. அதில் சோறு விழுந்தே எத்தனை நாளோ. வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வரவில்லை, அது வந்திருந்தால் தேவலை.

வாசலில் பாடையைச் சுற்றி ஆட்கள் குனிந்து நின்றார்கள். ஜெயபாண்டி கையில் போனோடு இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனிடம் நடந்து போனாள்.

"அதப் பைக்குள்ள வைங்க. தூக்கச் சொல்லுங்க."

இருளாண்டி ஏட்டையாவின் காலைக் கட்டிப் பாடையின் கால்மாட்டில் சேர்த்து முடிந்தார். வேட்டு வெடித்தது. பொம்பளைகள் தெருமுக்கு வரைதான் போகலாம். அங்கே நின்றபோதும் பானு சட்டையைக் கழற்றவில்லை, மறந்திருப்பாள். முத்துமாரி அவள் பக்கத்தில் போய் நின்று, ரத்தம் காய்ந்த கையால் அந்தச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

பாடை கண்மாய்க்கரையில் ஏறியது. ஏட்டையா பாடையில் கிடந்தவரைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பித் திருப்பி, தெருமுக்கில் நின்ற கட்டம் போட்ட சட்டையையே பார்த்துக்கொண்டு போனது.